லாமா சுமக்கும் 25 கிலோ

பெருவுக்குப் போய்வந்த எங்களிடம், லாமாவில் ஏறி மலைக்குப் போய் வந்தீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லாமா வளர்ந்த ஆளைச் சுமக்காது. அது பொதி சுமக்கும் விலங்கு. சாமானை அது கொண்டுவரும், நாங்கள் பக்கத்தில் நடக்கவேண்டும். ஒட்டகக் குடும்பம்தான், ஆனால் திமில் கிடையாது. வளர்ந்த ஆண் லாமா 130 முதல் 200 கிலோ வரை நிறை இருக்கும். தன் நிறையில் கால்வாசிக்கு மேல் ஏற்றினால் அதற்குக் கஷ்டம். பெருவின் மலைக் கிராமங்களில் ஒரு லாமாவுக்கு 25 கிலோ, மிஞ்சினால் 30 கிலோ என்றுதான் கணக்கு வைக்கிறார்கள்.

எங்கள் பயணம் முழுவதும் அந்த 25 கிலோவைச் சுற்றித்தான் நடந்தது. என்ன சமைப்பது, யார் எவ்வளவு உடுப்பு கொண்டுபோவது, காலையில் எப்போது புறப்படுவது எல்லாவற்றையும் அதுதான் தீர்மானித்தது. வயதும் உடல்நிலையும் வேறுவேறான ஒரு கூட்டம் மனக்கசப்பில்லாமல் போய்வந்ததற்கும் அந்த எல்லைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் வெள்ளவத்தை ஆட்கள். 2022 இல் பெற்றோல் வரிசை காலி வீதி நெடுகக் கிடந்தபோது வாகனத்தை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கியவர்கள். வரிசை போன பிறகும் நடை நிற்கவில்லை. விடியற்காலையில் மரைன் டிரைவில் சேர்ந்து, கடற்காற்றில் கொள்ளுப்பிட்டி வரை போய்த் திரும்புவோம். கூட்டத்தில் ஒரு டொக்டர் அண்ணா, வங்கியில் ஓய்வுபெற்ற இருவர், கணினி வேலை செய்யும் இரண்டு தம்பிமார், நீரிழிவுக்கு ஊசி போடுகிற எங்கள் பெரியக்கா, மஸ்கெலியாவில் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துவிட்டு இப்போது மகளோடு கொழும்பில் இருக்கும் ஒரு மாஸ்டர், இப்படிக் கலந்த ஆட்கள். டொக்டர் அண்ணாவின் மகள் பெருவின் தலைநகர் லீமாவில் வேலை செய்கிறாள். சுமை தூக்க முடியாதவர்களும் உயர்ந்த மலைக்குள் போக இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொன்னதும், அங்கே ஒழுங்கு செய்து தந்ததும் அவள்தான்.

பெரு என்றால் எல்லோருக்கும் மச்சு பிச்சுதான் நினைவு வரும். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. லீமாவுக்கு வடக்கே, கோர்டியேரா பிளாங்கா என்ற பனிமலைத் தொடரில், ஒயேரோஸ் என்ற கிராமத்திலிருந்து சாவின் தே உவாந்தர் என்ற பழைய கோயில் ஊருக்குப் போகிற பாதை எங்களுடையது. கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். வழக்கமாக மூன்று நாளில் நடப்பார்கள். இன்காக்களுக்கும் முந்திய வழி அது. ஸ்பானியர் 1532 இல் குதிரையோடும் பிறகு கோவேறு கழுதையோடும் வரும்வரை அந்த மலைகளில் மனிதன் முதுகையும் லாமா முதுகையும் விட்டால் பொதிக்கு வேறு முதுகு இல்லை. இப்போது அங்கே பெரும்பாலான குழுக்களின் சாமானைக் கழுதைதான் சுமக்கிறது, அது கூடத் தூக்கும் என்பதால். இந்தப் பாதையில் மட்டும் கிராமத்து ஆட்கள் சிலர் லாமாவோடு பயணிகளைக் கூட்டிப்போகிறார்கள். மாஸ்டருக்கு இது கேட்டதுமே பிடித்துப்போயிற்று. கண்டி இராச்சிய காலத்தில் கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குப் போய், பாக்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய தவளங்களைப் பற்றி, அந்தப் பொதிமாட்டுக் கூட்டங்களைப் பற்றி, பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகப் படிப்பித்தவர் அவர்.

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு உள்ள பெரிய சிக்கல் உயரம். இலங்கையில் எங்கே ஏறினாலும் 2,524 மீட்டரோடு முடிந்தது, அது பிதுருதலாகல உச்சி. சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். எங்கள் பாதையின் உச்சக் கணவாய், யனஷல்லாஷ், 4,700 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் காலிமுகத்திடலில் கிடைப்பதில் அரைவாசியைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆகவே ஊரில் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் உயரத்துக்கு உடம்பைப் பழக்க முடியாது. காலையும் முழங்காலையும் பழக்கலாம். மற்றதை அங்கே போய், ஆறுதலாக, நாள் கொடுத்துத்தான் பழகவேண்டும்.

கால்களுக்கு எங்களிடம் இருந்தது அடுக்குமாடிப் படிக்கட்டு. லிஃப்டை மறந்துவிட்டு, முதுகுப்பையில் மூன்று நான்கு கிலோ அரிசி வைத்துக்கொண்டு ஏறி இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவதற்கு நேரம் ஒதுக்குங்கள் என்று டொக்டர் அண்ணா விடாமல் சொன்னார். அது எவ்வளவு சரி என்பது கணவாயைத் தாண்டி 1,500 மீட்டர் இறங்கும்போதுதான் தெரிந்தது. வார இறுதிகளில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம், நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறினோம். படிகளில் எல்லோரும் முதல் அரை மணித்தியாலம் வேகமாக ஏறி, பிறகு இருந்து இருந்து எழும்புவோம். மாஸ்டர் மட்டும் ஒரே சீரில், கதைத்துக்கொண்டே ஏறுவார். கதைக்க முடியாத வேகத்தில் நடக்காதீர்கள் என்பார். பெருவில் எங்கள் வழிகாட்டி முதல் நாள் சொன்னதும் அதேதான்.

குளிர் உடுப்பை வெளிநாட்டில் வாங்கவேண்டும் என்றில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய நல்ல ஜாக்கெட்டுகள் நுவரெலியா பேல் பஸாரில் கிடைக்கின்றன, தையலையும் சிப்பையும் பார்த்து எடுத்தால் போதும். உள்ளே போட மெல்லிய கம்பளி, அதன் மேல் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று என்று மூன்று அடுக்கு போதுமானது. சப்பாத்தை மட்டும் இரண்டு மாதம் முன்பே வாங்கி, மேசோடு போட்டு நடந்து பழகிவிடுங்கள். புதுச் சப்பாத்தோடு விமானம் ஏறவே கூடாது.

மருந்துப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். உயர நோய்க்கு அசெட்டசோலமைட் என்ற குளிசையை, டயமொக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் வைத்தியரிடம் சொல்லவேண்டும். விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், அவற்றுக்குப் பயப்படவேண்டாம். எங்களில் பாதிப் பேருக்குப் பிறஷர் அல்லது சீனி. பெரியக்காவின் இன்சுலின்தான் எல்லோருடைய கவலையும். வெள்ளவத்தையில் அதைச் சூட்டிலிருந்து காப்பாற்றப் பாடுபடுவோம். அங்கே இரவில் தண்ணீர்ப் போத்தல் உறைகிறது, உறைந்த இன்சுலின் உதவாது. ஆகவே அக்கா அதை ஒரு துணிப் பையில் போட்டு உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டே நடந்தார், படுக்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சீனி பார்க்கும் கருவியையும் குளிரில் நம்ப முடியாது. அதையும் சட்டைக்குள் சூடாக வைத்திருந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் பார்ப்பார். மருந்துகளை லாமாவின் பொதியில் அனுப்பவேண்டாம். பகலில் லாமா முன்னே போய்விடும், அல்லது பின்னே நிற்கும். உயிருக்குத் தேவையானது உங்கள் முதுகில் இருக்கவேண்டும்.

பயணக் காப்புறுதியில் ஒரு விஷயம். மலை நடை அடங்கும் என்று சொல்லிவிட்டு, சிறிய எழுத்தில் ஒரு உயர எல்லை போட்டிருப்பார்கள். எங்களுக்கு முதலில் தந்த பத்திரத்தில் அப்படி இருந்தது, அது கணவாயின் உயரத்துக்குக் காணாது. எத்தனை மீட்டர் வரை, குதிரையில் அல்லது ஹெலிகொப்டரில் இறக்கும் செலவு அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லீமாவிலிருந்து ஹுவாரஸ் 400 கிலோமீட்டர், பஸ்ஸில் எட்டு மணித்தியாலம். கடற்கரையில் புறப்பட்ட பஸ் 4,100 மீட்டர் வரை ஏறி, பிறகு 3,050 மீட்டரில் இருக்கிற அந்த நகரத்துக்கு இறங்கும். நகரத்தில் பழைய கட்டடம் மிகக் குறைவு. 1970 மே 31 அன்று வந்த பூமி அதிர்ச்சியில் ஹுவாரஸ் தரைமட்டமானது. அதே நேரம் உவாஸ்கரான் மலையிலிருந்து பெயர்ந்து வந்த பனியும் பாறையும் யுங்காய் என்ற ஊரையே மூடிவிட்டது. அந்தப் பகுதி முழுவதும் கிட்டத்தட்ட 70,000 பேர் இறந்தார்கள். யுங்காயைப் போய்ப் பார்த்தோம். இப்போது அது ஊர் அல்ல, புல்லும் பூச்செடியும் உள்ள ஒரு நினைவிடம். 2004 சுனாமியைக் கண்ட எங்களுக்கு அங்கே ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பெரியக்கா வாசலில் பூ வாங்கிக் கொண்டுபோய் வைத்தார்.

ஹுவாரஸில் குறைந்தது மூன்று நாள் தங்குங்கள். சும்மா படுத்திருக்காமல், பகலில் கொஞ்சம் ஏறி இரவில் இறங்கி வந்து தூங்குங்கள். 3,700 மீட்டரில் வில்ககோச்சா என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது, அதற்குப் போய்வருவது நல்ல பழக்கம். வந்த அன்று மாலையே ஓடிப் பார்த்த தம்பிக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒயேரோஸில் லாமாக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கெச்சுவா பேசுகிறவர், ஸ்பானிஷும் தெரியும். மதிலோரம் எட்டு லாமா சுமைக்கு, ஒன்று மாற்றுக்கு. காதுகளில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் கட்டியிருந்தார்கள். கூடவே ஒரு சவாரிக் குதிரை. லாமா ஆளைச் சுமக்காது என்பதால், யாருக்காவது முடியாமல் போனால் இறக்குவதற்கு அந்தக் குதிரை. அதற்கு வேறாகக் காசு கொடுக்கவேண்டும், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பொதி கட்டுவதைப் பார்க்கவே ஒரு காலைப்பொழுது வேண்டும். ஆளுக்கு ஏழு கிலோ என்று ஹுவாரஸிலேயே பெட்டி நிறுக்கிற சின்னத் தராசில் நிறுத்துத்தான் கொண்டுவந்தோம். கூடாரம், அடுப்பு, சாப்பாட்டுச் சாமான் வேறு. லாமாக்காரர் எல்லாவற்றையும் கம்பளிச் சாக்குகளில் பிரித்துப் போட்டார். ஒரு கையில் ஒரு சாக்கு, மறுகையில் மறுசாக்கு, இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒன்றிலிருந்து ஒரு பை சீனியை எடுத்து மற்றதில் வைத்தார். திரும்பவும் தூக்கினார். தம்பி ஒருவன் தராசை மாட்டிப் பார்த்தபோது இரண்டும் 12 கிலோவும் சில்லறையும், கிட்டத்தட்ட ஒரே நிறை. பிறகு முதுகில் தடித்த கம்பளியை மடித்துப் போட்டு, லாமா மயிரில் திரித்த கயிற்றால் நெஞ்சைச் சுற்றிக் கட்டினார். கட்டிய பிறகு கயிற்றுக்குள் விரல்களை விட்டுப் பார்த்தார். இறுக்கினால் தோல் உரியும், தளர்ந்தால் பொதி சரியும்.

லாமாவை நடத்துவதற்கு அவர் எங்களுக்குச் சொல்லித்தந்தது கொஞ்சம்தான். முகத்துக்கு நேரே போய்க் கட்டிப்பிடிக்கவேண்டாம், தோள் பக்கமாகப் போகவேண்டும். பின்னால் நிற்கவேண்டாம், உதைக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. அது மிரண்டு பாய்ந்தால் விரல் போய்விடும், ஆகவே மடித்துப் பிடிக்கவேண்டும். காதைப் பின்னால் மடித்து, தாடையை மேலே தூக்கினால் விலகி நில்லுங்கள், துப்பப் போகிறது. ஆனால் அவை துப்பியது பெரும்பாலும் தங்களுக்குள்தான், சாப்பாட்டுக்கு முண்டியடிக்கும்போது. எங்களில் ஒருவர் மேலும் துப்பவில்லை. நடக்கும்போது மெல்ல ம்ம்ம் என்று முனகும். அந்த முனகலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே களைப்பா, பயமா, கூட்டாளியைக் காணாத கவலையா என்று லாமாக்காரர் அறிந்துகொள்வார்.

முதல் நாளே ஒரு சம்பவம். ஆற்றோரமாக ஒன்றரை மணித்தியாலம் நடந்திருப்போம், ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு கறுப்பு லாமா நின்றது. முன்னங்கால்களை மடித்து, பிறகு பின்னங்கால்களை மடித்து, பொதியோடு அப்படியே தரையில் குந்திவிட்டது. காது பின்னால் படிந்திருந்தது. தம்பி கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. லாமாக்காரர் வந்து, கயிற்றை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். தடி எடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. பக்கத்தில் குந்தியிருந்து பொதிக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். இடப்பக்கச் சாக்கு இறங்கி விலாவில் அழுத்திக்கொண்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், கட்டி முடித்த பிறகு எங்களில் யாரோ நிறைந்த தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டைச் சாக்கின் வாயில் செருகியிருக்கிறார்கள். இரண்டு லீற்றர் தண்ணீர், இரண்டு கிலோ. அவ்வளவுதான். போத்தல்களை எடுத்து எங்களிடம் தந்தார். கம்பளியை உதறி மறுபடி மடித்தார், கழுத்தைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார். லாமா எழும்பி நடந்தது.

அந்த இரவு கூடாரத்தில் இதைப் பற்றித்தான் கதைத்தோம். நான் பார்த்த சுமைக்காரரில் பலர் முடியாது என்று சொல்லமுடியாதவர்கள். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர் சொல்லமாட்டார், கொழுந்துச் சாக்கைத் தூக்கி மேட்டில் ஏறுகிற தோட்டத்துப் பெண் சொல்லமாட்டார் என்றார் மாஸ்டர். அவருடைய அம்மா கொழுந்து எடுத்தவர். லாமா சொல்லிவிடுகிறது, சொன்னதை அதன் ஆளும் கேட்கிறார் என்றார். அதன் பிறகு கட்டிய பொதியில் யாரும் கைவைக்கவில்லை. ஒருவர் ஏறமுடியாமல் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் எங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டது. இழுக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. பக்கத்தில் போய் இருந்து, எது அழுத்துகிறது என்று கேட்கவேண்டும்.

வேகத்தையும் லாமாவே வைத்துவிடுகிறது. வழியில் இச்சு என்ற முரட்டுப் புல்லை மேய்ந்துகொண்டே போகும், அதனால் தீனி சுமக்கவேண்டியதில்லை. விடிந்ததும் மேயவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் பொதி கட்டுவார்கள். அதிகாலையில் புறப்பட்டுப் பழகிய எங்களுக்கு முதலில் பொறுமை இருக்கவில்லை. ஆனால் அந்தக் குளிரில் வெயில் வருமுன் நடக்காதது நீரிழிவுக்காரருக்கும் முழங்கால் நோ உள்ளவருக்கும் எவ்வளவு நல்லது! கழுதைக் குழுக்கள் எங்களைத் தாண்டிப் போயின, போகட்டும். லாமாவின் பாதம் இரண்டு விரலும் மெத்தென்ற அடியும் உள்ளது, குளம்பு போலப் பாதையைக் கிண்டாது. ஈரமான புற்றரையில் கழுதை போன தடம் சேறாகக் கிடந்தது, எங்கள் லாமாக்கள் போன இடத்தில் புல் மடிந்திருந்தது, அவ்வளவுதான். சாணத்தையும் கண்ட இடத்தில் போடாது, எல்லாம் ஒரே இடத்தைத் தேடிப் போய்ப் போடும். மரமில்லாத அந்த உயரத்தில் ஆட்கள் அதைக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள்.

சமையலுக்கு வருகிறேன், இதில் எங்களிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. 4,000 மீட்டரில் தண்ணீர் 87 பாகை அளவில் கொதித்துவிடும். குமிழி வரும், ஆனால் பருப்பு வேகாது, சோறு நடுவில் அரிசியாகவே இருக்கும், தேத்தண்ணீருக்குச் சாயம் இறங்காது. பிறஷர் குக்கர் இல்லாமல் போகாதீர்கள். இரண்டு கிலோ நிறை என்று அதைக் கழிக்கப் பார்த்தார்கள், பெரியக்கா தன் உடுப்பைக் குறைத்து அதற்கு இடம் எடுத்தார். கடலையும் முழுப் பயறும் வேண்டாம். உடைத்த மைசூர்ப் பருப்பு, கினுவா என்ற அந்த ஊர்த் தானியம், உருளைக்கிழங்கு போதும். அந்த மலைகள் கிழங்கின் தாய்வீடு, ஹுவாரஸ் சந்தையில் கறுப்பு, ஊதா, மஞ்சள் என்று குவித்து வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து மிளகாய்த்தூள், சத்துமா, அவல் மாத்திரம் கொண்டுபோனோம், கடைப் பைக்கற்றுகளாக, சுங்கப் படிவத்தில் எழுதிக் காட்டி. கருவாடு, இறைச்சி, விதைகளைக் கொண்டுபோக நினைக்கவேண்டாம். சத்துமாவைச் சுடுதண்ணீரும் சீனியும் விட்டுக் குழைத்து உருட்டித் தந்தபோது லாமாக்காரர் ஒன்றை வாயில் போட்டு, இன்னொன்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் பிள்ளைக்காம்.

இனித் தம்பியின் கதை. எங்கள் கூட்டத்தில் மிகத் திடகாத்திரமானவன் அவன், நாள் தவறாமல் ஜிம்முக்குப் போகிறவன். 4,000 மீட்டரில் உள்ள சாக்ராகஞ்சா முகாமில் இரவு தலையிடி தொடங்கி, வாந்தி எடுத்தான். உடம்பு உரம் என்பதற்கும் உயர நோய்க்கும் சம்பந்தமே இல்லை, வேகமாக ஏறுகிறவனைத்தான் அது பிடிக்கும் என்று டொக்டர் அண்ணா சொல்லிக்கொண்டே அவனை எழுப்பி நடக்கச் சொன்னார். ஒரு காலின் முன்னே மறுகாலை வைத்து, ஒரு கோட்டில். தள்ளாடாமல் நடந்தான். தள்ளாடினாலோ, கதை குழம்பினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே இறக்கவேண்டும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இவனுக்கு அது இல்லை. இரவு முழுவதும் இரண்டு பேர் மாறிமாறிப் பக்கத்தில் இருந்தார்கள். காலையிலும் தலையிடி விடவில்லை. மேலே போவதில்லை, குதிரையில் கீழே என்று அண்ணா முடிவெடுத்தார். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, கணவாய் அரை நாள் நடையில் இருக்கும்போது. ஆனால் ஒருவரும் கொஞ்சம் பார்ப்போமே என்று இழுக்கவில்லை. முன்கூட்டியே கொழும்பில் வைத்துப் பேசி முடித்த விஷயம் அது: டொக்டர் சொன்னால் இறங்குவது, அதில் வாதம் கிடையாது. லாமாக்காரரின் மருமகன் குதிரையைப் பிடித்துக்கொண்டு அவனை ஒயேரோஸுக்கு இறக்கினான். மதியமே அவனுக்குத் தலையிடி போய்விட்டது. காரில் சுற்றி வந்து சாவினில் எங்களோடு சேர்ந்துகொண்டான். குழுவாகப் போகிறவர்கள் யார் சொன்னால் இறங்குவது என்பதை வீட்டிலிருந்து புறப்படுமுன்னே தீர்மானித்துவிடுங்கள். மலையில் வைத்துத் தீர்மானித்தால் பாசமும் ரோசமும் குறுக்கே வரும்.

கணவாய்க்கு ஏறிய அன்று மாஸ்டர்தான் முன்னே. பெரியக்கா அவருக்குப் பின்னால், அவருடைய குதிக்காலைப் பார்த்துக்கொண்டு. இருபது அடி, ஒரு நிற்பு. இருபது அடி, ஒரு நிற்பு. லாமாக்களுக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. அவற்றின் இரத்தம் குறைந்த ஒட்சிசனையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மையுள்ளது. மேலே பயணிகள் ஆளுக்கொரு கல் வைத்து வைத்து உயர்ந்த குவியல் இருந்தது. நாங்களும் வைத்தோம். இரண்டு பக்கமும் பனிமலை, காற்று முகத்தை அறைந்தது, ஒருவருக்கும் பேச வரவில்லை. நீரிழிவு வந்த நாளிலிருந்து உன்னால் முடியாது, உன்னால் முடியாது என்றுதான் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள் என்று பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. அதிகநேரம் நிற்கவேண்டாம் என்று வழிகாட்டி கூப்பிட்டதும் இறங்கத் தொடங்கினோம். அங்கே கால் மணித்தியாலத்துக்கு மேல் தங்கவேண்டாம். வியர்வை குளிர்ந்தால் நடுக்கம் பிடித்துவிடும்.

இறக்கம் நீளமானது. ஊன்றுகோல் இரண்டு இல்லாமல் எங்கள் வயதுக்காரர் இறங்கக்கூடாது.

சாவின் ஊர் 3,200 மீட்டருக்குச் சற்றுக் கீழே. அங்குள்ள கற்கோயில் மூவாயிரம் வருடப் பழமையை நெருங்குவது, 1985 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பெருவின் தொல்லியலாளர் ஹூலியோ டேயோ அங்கே செய்த ஆய்வுகளால்தான் அதன் பழமையை உலகம் கவனித்தது. வெளியே பெரிய முற்றம். உள்ளே பூமிக்கடியில் ஒடுங்கிய கல் நடைகள். அவை சந்திக்கிற இருட்டில் நாலரை மீட்டர் உயரக் கல்லில் கோரைப் பல்லோடு ஒரு தெய்வம் நிற்கிறது, லான்சோன் என்கிறார்கள். மூலஸ்தானம்தான் இது என்று பெரியக்கா சொல்லி, சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார். வெளிச்சுவரில் ஒரு காலத்தில் கல்லில் செதுக்கிய தலைகள் வரிசையாகப் பதித்திருந்தன. இப்போது அந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம், மற்றவற்றில் பல ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டையும் பார்க்க ஒரு முழு நாள் வையுங்கள். நடந்து வந்த அன்றே பார்க்கப்போனால் களைப்பில் ஒன்றும் மனதில் நிற்காது.

லாமாக்காரரோடு கணக்கு முடிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். லாமாக்கள் வந்த வழியே திரும்பி நடக்கவேண்டும், அந்த நாட்களுக்கும் கூலி உண்டா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் நீங்கள் சேர்த்துக் கொடுங்கள். அன்பளிப்பை ஒழுங்கு செய்தவரிடம் கொடுக்காமல், லாமாக்காரர் கையிலும் அவருடைய மருமகன் கையிலும் உள்ளூர்க் காசாக, சில்லறை நோட்டாகக் கொடுங்கள். கிராமத்தில் பெரிய நோட்டை மாற்ற முடியாது. பொதி இறக்கியதும் அவர் ஒவ்வொரு லாமாவின் முதுகையும் விலாவையும் தடவிப் பார்த்தார், நாங்களும் கூட நின்று பார்த்தோம். ஒன்றில்கூடப் புண் இல்லை. அடுத்த முறை யாரையாவது அமர்த்துவதானால் நான் முதலில் பார்க்கப்போவது விலங்கின் முதுகைத்தான். முதுகில் பழைய காயம் இருந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அவரோடு போகமாட்டேன்.

போகும் காலம் மே முதல் செப்டெம்பர் வரை, அது அங்கே மழையில்லாத பருவம். இரவில் உறைபனி இருக்கும், பகலில் வானம் தெளிந்திருக்கும். கொழும்பிலிருந்து டோஹா, சாவோ பாவுலோ, லீமா என்று மாறிமாறிப் போகவேண்டும். பிரேசிலும் பெருவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள், அங்கிருந்து திரும்பி இலங்கைக்குள் வருகிறவரிடம் தடுப்பூசி அட்டை இருக்கவேண்டும். ஊசியைப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னே போட்டால்தான் செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அறுபதைத் தாண்டியவர்கள் போடுமுன் தங்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கடவுச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.